கிராசிங்

பகலில் அடுத்தவர்களுக்குக் கடைவாய்ப்பல் செய்கிறேன்,
சேர்மாதேவி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில்.
இருட்டியபின் அதே அரத்தால், அதே கேஸ் சுடரால்
ஒரு ரயில் எஞ்சினுக்கு உடம்பு.
உடம்பு மட்டும். சக்கரம் இன்னும் இல்லை.
அரை மில்லிமீட்டர் பித்தளைத் தகடு,
பேட்டையில் எடைக்கு வாங்கியது.

பாய்லர் முதலில்.
தகட்டைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி,
குழாய்த் துண்டின் மேல் வைத்து
உள்ளங்கையால் உருட்டினேன். வளைந்தது.
கையை எடுத்ததும் பாதி நிமிர்ந்துவிட்டது,
வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பியதும்
எழும்பிவிடும் கடைசி பெஞ்சு போல.
மூன்றாவது சூட்டில்தான் படுத்தது.

ரிவெட்டுகள் இருநூற்றுப் பதினாறு.
முனை மழுங்கிய ஊசியால் பின்பக்கம் அமுக்க அமுக்க
முன்பக்கம் கடுகு கடுகாக எழும்பும்.
நூற்று நாற்பதில் ஆவுடைத்தாய் போன் செய்தாள்.
நூற்று நாற்பத்தொன்று இன்றைக்கும்
வரிசையை விட்டு விலகி நிற்கிறது.
அவளிடம் சொல்லவில்லை.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு போட்டோ,
எஞ்சினின் வலப்பக்கம்.
இடப்பக்கத்தில் என்ன இருந்தது?
ஒருவர் ஏணி என்றார்.
இன்னொருவர் ஒன்றுமே கிடையாது என்றார்.
"அந்தப் பக்கத்த சொவரோட ஒட்டி வச்சிரு,
யாரு பாக்கப் போறா?" என்றார் வீட்டுக்காரர்.
"சொவரு பாக்கும்லா" என்றேன்.
இரண்டு நாள் யோசித்து
ஒரு கைப்பிடிக் கம்பி மட்டும் வைத்தேன்.
பிடிக்க ஒன்றும் இல்லாமல் எவரும் ஏறியிருக்க முடியாது.
அதுவரைக்கும் எனக்குத் தெரியும்.

பற்றவைப்பில் தொல்லை என்னவென்றால்
புகைபோக்கிக்குக் காட்டும் சூடு
கேபின் கூரையைக் கழற்றிவிடும்.
உருளைக்கிழங்கை வெட்டி மூட்டோரம் அணைத்துவைப்பேன்.
சூட்டை அது குடித்துக்கொள்ளும்.

இன்னொரு தொல்லை, ரயில்.
நிஜ ரயில். வீட்டிலிருந்து அறுபதடி.
அது போகையில் மேசை நடுங்கும்.
ஈயம் உருகி, மினுங்கி, உறையப் போகும்
அந்த ஒரு மூச்சில் நடுங்கினால்
மூட்டு சாம்பல் பூத்துக் குருடாகிவிடும்,
தொட்டால் கையோடு வரும்.
அதனால்தான் மேசைக்கு மேலே கால அட்டவணை.
பெரிய வண்டி போகிறவரை சின்ன வண்டி நிற்கும்.
ஒற்றைப் பாதையில் அதுதானே முறை.

நேற்று டோம் மட்டும் பாக்கி,
பாய்லர் முதுகில் உட்காரும் கவிழ்த்த கிண்ணம்,
கதவுக் குமிழ் ஒன்றைக் கடைந்து எடுத்தது.
ஆறே முக்காலுக்கு வரவேண்டிய செங்கோட்டை வண்டி வரவில்லை.
ஏழு. ஏழேகால்.
கேட்டில் இருக்கும் முப்பிடாதிக்குப் போன் போட்டேன்.
"வீரவநல்லூர்ல கிராசிங்க்கா. அரைமணி ஆவும்."

அரைமணி தாராளம்.
சுடரை ஏற்றினேன்.
ஈயம் டோமைச் சுற்றி ஒரே ஓட்டமாய் ஓடி
தொடங்கிய இடத்தைத் தொட்டது.
சுடரை எடுத்தேன்.
மூச்சைப் பிடித்து எண்ணினேன்: ஒன்று, இரண்டு

தரைதான் முதலில் சொன்னது.
கிராசிங் என்றால்
எதிரே ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.
எனக்கு அது தோன்றவே இல்லை.
திருநெல்வேலியிலிருந்து
பெட்டி ஒன்றும் இல்லாமல் வெறும் எஞ்சின்,
அட்டவணையில் யாரும் எழுதாத எஞ்சின்,
ஜன்னலைக் கிடுகிடுக்கவிட்டுப் போனது.

டோம் ஒரு மயிரிழை நகர்ந்து உறைந்திருந்தது.
மேற்கே, அது போன திசையில்.
மூட்டு சாம்பல்.
விரலால் தள்ளினேன். விடவில்லை.
நகத்தால் நெம்பினேன். விடவில்லை.
உருளைக்கிழங்கு வெந்து மணத்தது.

கழற்றி மறுபடி வைக்கலாம்தான்.
ஆனால் காலையில் கீழ்த்தாடை செட் ஒன்று அவசரம்,
மகள் கல்யாணத்தில் சிரிக்கவேண்டிய ஒருவருக்கு.
விளக்கை அணைக்கப் போனபோது
செங்கோட்டை வண்டி வந்தது.
மேசை நடுங்க, பாய்லர் நடுங்க,
கூடவே டோமும் நடுங்கியது,
தனியாக அல்ல.